ரிப்போர்ட்டில் மட்டும் குணமானேன்

முதலில் போனது என் வலது கட்டை விரல்.

பழவேற்காட்டில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் தினமும் நண்டு வந்து இறங்கும். ஏரி நண்டை வாங்கித் தரம் பிரித்துச் சென்னைக்கு அனுப்புவது எங்கள் தொழில். என் கணவர் சாதிக் தராசைப் பார்ப்பார், நான் நண்டை அழுத்திப் பார்ப்பேன். புதிதாக ஓடு மாற்றிய நண்டு எடை நன்றாகவே காட்டும். ஆனால் உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அடிப்பக்கம், கால் தொடங்கும் இடத்தில் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கிவிடும். அதைத் தண்ணி நண்டு என்று ஒதுக்கிவிட வேண்டும்.

அன்று காலை ஒரு நண்டும் அமுங்கவில்லை. எல்லாம் முதல் தரம் என்று கூடையில் போட்டு அனுப்பினேன். மறுநாள் சென்னையில் வாங்கியவர் போனில் கத்தினார். பாதி தண்ணி நண்டாம். நண்டு அமுங்காததற்குக் காரணம் நண்டில் இல்லை, என் விரலில் அழுத்தும் வலு போயிருந்தது.

“நாப்பது வயசுலயே கெழவி ஆயிட்டியா ரஹீமா?” என்று சாதிக் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். அதற்கடுத்த வாரம் காலையில் எழுந்தபோது பத்து விரல்களும் மடங்கவில்லை. பால் பாத்திரத்தை இரண்டு முழங்கைகளுக்கு இடையில் வைத்துத் தூக்கினேன். பதினோரு மணிக்கு மேல்தான் கை என் கையானது.

அதற்குப் பிறகு வழக்கமாக எல்லோருக்கும் நடப்பது எனக்கும் நடந்தது. வாயு என்றார்கள், குளிர்ந்த தண்ணீரில் நின்றதால் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஆளுக்கொரு எண்ணெய் கொடுத்தார்கள். வலி ஊசி போட்டால் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. விரல் கணுக்கள் உருண்டு சிவந்தபோதுதான், சென்னையில் மூட்டு நோய்க்கென்று தனி டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பொன்னேரி போய் ரயிலேறினோம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கூட்டம். கம்பியைப் பிடிக்க முடியாமல் சாதிக்கின் தோளில் சாய்ந்தே போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் என் வயதுப் பெண். என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நான் நண்டைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறாரே என்று அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் பெயரைச் சொன்னார்: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தடம் மாறித் தன் மூட்டுகளையே தாக்கும் நோய்). பிறகு இரண்டு எண்களைப் பேனாவால் வட்டமிட்டார். ஒன்று இஎஸ்ஆர் (நின்ற குழாயில் ரத்தச் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் கீழே இறங்குகின்றன என்ற கணக்கு). இன்னொன்று சிஆர்பி (உடம்பில் எங்கேயாவது அழற்சி, அதாவது வீக்கமும் சூடும் உண்டானால், கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் ஒரு புரதம்). இரண்டும் இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு இருந்தன.

“இது புகை மாதிரிம்மா. புகை வருதுன்னா எங்கேயோ எரியுதுன்னு தெரியும். எது எரியுதுன்னு இது சொல்லாது. இன்னொன்னு, சில பேருக்குப் புகையே வராம உள்ளே எரிஞ்சுட்டிருக்கும். அதனால நான் கையையும் பார்ப்பேன், நம்பரையும் பார்ப்பேன்.”

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சாதிக்கின் காதில் நம்பர் மட்டும்தான் விழுந்தது. குற்றம் சொல்லவில்லை. மின் தராசில் சிவப்பு எழுத்தில் வருவதுதான் அவருக்கு வேதவாக்கு. அழுத்திப் பார்க்கும் ஆள் படுத்துவிட்டதால் வீட்டில் தராசு மட்டுமே மிஞ்சியிருந்தது.

அடுத்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் சிஆர்பிதான் ஆட்சி செய்தது. பொன்னேரி லேபிலிருந்து ரிப்போர்ட் போனுக்கு வந்தவுடன் சாதிக் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பிரியாணிக்கு முன்னால் “சிஆர்பி எவ்ளோ கீது?” என்ற கேள்வி வந்துவிடும். நம்பர் ஏறினால் எல்லோரும் என்மேல் பரிதாபப்படுவார்கள். இறங்கினால் எனக்கு வலிக்கவே கூடாது.

ஒருமுறை நம்பர் பாதியாகக் குறைந்திருந்த சமயத்தில் தோசையைத் திருப்ப முடியாமல் கரண்டியை வீசி எறிந்தேன். பொன்னேரியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஜைனப் அன்று வந்திருந்தாள்.

“மச்சி, அதான் பாதியா கொறஞ்சிருக்கே, அப்புறம் இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?” என்றாள்.

“கொறஞ்ச நம்பர வந்து தோசையத் திருப்பச் சொல்லு” என்றேன். சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது நம்பர் நன்றாக இருந்து கை வலித்தால், உங்களைப் பொய்சொல்லி என்று சொல்ல அந்தத் தாளுக்கு அதிகாரம் கிடையாது. வலிக்கிறது என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்ஸேட் (எதிர்ப்புச் சக்தியின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை) எனக்குப் போதவில்லை. வயிற்றில் போடும் ஒரு வகை ஊசியும் சில மாதம் பார்த்தோம், சரிவரவில்லை. அதற்குப் பிறகுதான் மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் டிரிப்ஸில் ஏற்றிக்கொள்ளும் மருந்துக்கு டாக்டர் மாற்றினார். அழற்சி நடக்கிறது என்ற செய்தியை உடம்பு முழுக்கக் கொண்டுபோகும் ஒரு பொருளை அது தடுத்துவிடும். காசநோய் இருக்கிறதா, மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, ஏற்றுவதற்கு முன் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“இது போட்டா சிஆர்பி தானா இறங்கிடும். ஏன்னா அதைச் சுரக்கச் சொல்லிக் கல்லீரலுக்குப் போற செய்தியையே இந்த மருந்து நிறுத்திடுது. நாளைக்கு உங்களுக்கு நிமோனியாவே வந்தாலும் சிஆர்பி நார்மல்னு காட்டலாம். ஜுரம்கூடப் பெருசா தெரியாம இருக்கலாம். அதனால இருமல், மூச்சு வாங்கறது, உடம்பு சரியில்லன்னு தோணுறது, எதுவா இருந்தாலும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு வீட்டுல உட்காராம நேரா வந்துடணும். புரிஞ்சுதா?”

புரிந்தது என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். நாங்கள் பொய்யாக ஆட்டவில்லை. ஆனால் இரண்டு வருடப் பழக்கத்துக்கு முன்னால் ஒரு நாள் எச்சரிக்கை எந்த மூலைக்கு?

மூன்றாவது முறை ஏற்றிய பிறகு கை திறந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ரவிக்கை ஊக்கை நானே போட்டேன். பூரிக்கு மாவு பிசைந்தேன். கொட்டகைக்குப் போய் ஒரு நண்டை எடுத்து அழுத்தினேன், அமுங்கியது. “தண்ணி நண்டு!” என்று நான் கத்தியதில் சாதிக் பதறியடித்து ஓடி வந்தார். அந்த வாரமே ரிப்போர்ட்டும் வந்தது.

“சிஆர்பி ஒன்னுக்குள்ள வந்துட்சி பாரு! அல்ஹம்துலில்லாஹ்! குணமாயிட்ட ரஹீமா!”

குணமாயிட்ட. அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன்.

நோயாளிக்கு ரமலான் நோன்பில் விலக்கு உண்டு. குணமான பிறகு விட்டவற்றை வைத்துவிட வேண்டும், அதற்குக் களா நோன்பு என்று பெயர். நான் இரண்டு ரமலான்களை விட்டிருந்தேன். மாத்திரைகளை நேரத்துக்கு விழுங்கிக்கொண்டு, மற்றவர்கள் நோன்பு திறக்கும்போது கஞ்சியை மட்டும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்தவளுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இப்போது குணமாகிவிட்டேன், கையும் சொல்கிறது, தாளும் சொல்கிறது. பனிக்காலம், பகலும் குறுகல். ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கத் தொடங்கினேன். டாக்டரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. குணமானவள் எதற்காக டாக்டரைக் கேட்க வேண்டும்?

சில நோன்புகளுக்குப் பிறகு ஒரு வறட்டு இருமல் வந்தது. பனிக்காலத்தில் பழவேற்காட்டில் இருமாதவர் யார்? உடம்பு அசந்தது, நோன்பு வைத்தால் அசரத்தான் செய்யும் என்றார் சாதிக். நாக்கு வறண்டது, அதற்கும் நோன்புதான் காரணம். உடம்பு காட்டிய ஒவ்வொரு அடையாளத்துக்கும் எங்களிடம் பதில் தயாராக இருந்தது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு எழும்போது சுவரைப் பிடித்தேன்.

அன்று சாதிக்குக்கே பயம் வந்தது. பயம் வந்தால் அவர் செய்வது ஒன்றுதான். லேபுக்குப் போன் போட்டார். ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போனார். மாலையில் ரிப்போர்ட் வந்தது.

“நார்மலா கீது! நாந்தான் சொன்னேன்ல, நோன்புக் களைப்பு. இன்ஃபெக்ஷன்னா சிஆர்பி எகிறிக்கினு போயிருக்கும்.”

நானும் நிம்மதியாகப் படுத்தேன். எது வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரோ அதையே கேட்டு, அது சொன்ன பதிலில் நிம்மதியாகிப் படுத்தேன்.

மறுநாள் நோன்போடுதான் இருந்தேன். மதியத்துக்கு முன் ஜைனப் வந்தாள். நான் பேசுவதை ஒரு நிமிடம் நின்று கேட்டாள். அவள் முகம் மாறியது.

“மச்சி, ஃபாத்திஹா ஓது.”

“இப்போ எதுக்கு?”

“ஓதேன், சொல்றேன்ல.”

குர்ஆனின் முதல் அத்தியாயம், ஏழே ஏழு சிறிய வசனங்கள். தூக்கத்திலும் ஓதுவேன். ஓத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்தது. பாதியில் நின்றேன், மேலே போக முடியவில்லை. ஓதத் தெரியாத பிள்ளைபோல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே! வண்டிய எடு!” என்று அவள் போட்ட கூச்சலில் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

“நேத்துதான் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்...” என்றார் சாதிக்.

“நார்மலும் வாணாம், மண்ணும் வாணாம். மச்சியால ஃபாத்திஹா ஓத முடியல!”

வழியில் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். நோன்பு என்றேன். “உசுரு போற எடத்துல இன்னா நோன்பு? அல்லாவே வெச்சுக்கச் சொல்லல” என்று அவளே பாட்டிலை என் வாயில் வைத்தாள். அந்த ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கும்போது எனக்கு மூச்சுத் திணறலைவிட நோன்பு முறிந்த துக்கம்தான் பெரிதாக இருந்தது. மனித மனம் அப்படித்தான் இருக்கிறது.

டிரிப்ஸ் ஏற்றும் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள் (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி). பார்த்த டாக்டர் உடனே ஆக்சிஜன் முகமூடியை என் முகத்தில் பொருத்தினார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா (நுரையீரலில் கிருமி தங்கிச் சீழும் நீரும் சேர்வது). என் மூட்டு டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சாதிக் போனில் இருந்த ரிப்போர்ட்டை நீட்டினார். டாக்டர் அதை வாங்கவில்லை.

“இதை நம்பாதீங்கன்னு சொன்னேனே சார்” என்று மட்டும் சொன்னார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் சாதிக் தாங்கியிருப்பார். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். முகமூடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, செத்துப்போவோமோ என்ற பயத்தோடு, இந்த மனிதரை இப்படி விட்டுவிட்டுப் போகிறோமே என்ற வேதனையும் வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் இருந்தேன் என்று பிறர் சொல்லித்தான் தெரியும். அங்கே பகல் இல்லை, இரவு இல்லை, பாங்கு சத்தம் இல்லை. அடுத்த மூச்சு ஒன்றுதான் இருந்தது. அதை இழுத்து முடித்தால் அதற்கடுத்தது. பிழைத்தேன்.

ஆனால் கிருமி போகும்வரை டிரிப்ஸை நிறுத்திவிட்டார்கள். அதனால் மருந்தின் பிடி தளர்ந்து, வீடு திரும்பிய சில வாரங்களில் கை மறுபடி மூடிக்கொண்டது. முன்னைவிட மோசம். ஜைனப்தான் சோறு ஊட்டினாள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி பழைய உயரத்துக்கு ஏறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு சாதிக் அழுதார். வருத்தத்தில் அழவில்லை. “இப்போ நெசத்தச் சொல்லுது ரஹீமா” என்றார். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவரோடு சேர்ந்து நிம்மதிப்பட்டேன். இப்படி ஒரு கோமாளித்தனத்தை வேறு எந்த வீட்டில் பார்க்க முடியும்?

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. மருந்தை மறுபடி தொடங்காவிட்டால் விரல் எலும்புகள் அரிக்கப்பட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். தொடங்கினால் கை திறக்கும், ஆனால் நம்பர் மறுபடி ஊமையாகிவிடும். “இனிமே உங்க உடம்பு எப்படி இருக்குன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். வேற யாரும் சொல்ல மாட்டாங்க” என்றார். யோசித்து வரச் சொன்னார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் களா நோன்பைப் பற்றி சாதிக் கேட்டு வந்தார். குணமாகும் என்ற நம்பிக்கை இல்லாத நோய் என்றால், நோன்புக்குப் பதிலாக ஏழைகளுக்கு உணவு கொடுத்தால் போதும் என்றாராம். என் பாரத்தை இறக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ கோபம்தான் வந்தது. குணமாகும் நம்பிக்கை இல்லாதவள் என்று என்னை யாரும் சொல்லாமலேயே இத்தனை நாள் இருந்தார்கள். மறுநாள் அரிசி மூட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

பிறகு மருந்தைத் தொடங்கினேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே தொடங்கினேன். கை இல்லாமல் வாழ எனக்குத் துணிவில்லை.

முன்பு என் நாட்கள் ஒரு ரிப்போர்ட்டிலிருந்து அடுத்த ரிப்போர்ட் வரை ஓடின. இப்போது ஒவ்வொரு காலையும் தனியாக நிற்கிறது. கண் விழித்ததும் எழுவதில்லை. படுத்தபடியே கால் நுனியிலிருந்து மேலே வருகிறேன். இது தூக்கக் கலக்கமா, அசதியா? இந்தச் சூடு போர்வையினாலா? முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே நடமாட்டம் இருக்கிறதா என்று காது கொடுப்பதுபோல இருக்கிறது. கேட்டு முடித்த பிறகு ஃபாத்திஹா ஓதுகிறேன். அது இபாதத்தா (இறைவணக்கமா), மூச்சுச் சோதனையா என்று எனக்கே தெரியவில்லை. இறைவன் பிரித்துக்கொள்வான்.

போன மாதம் டிரிப்ஸ் ஏற்றப் போனோம். நாள் தள்ளிப்போயிருந்ததால் மோதிர விரலின் கணு ஏற்கெனவே உருண்டிருந்தது. கட்டிலில் சாய்ந்தேன். நர்ஸ் கையில் நரம்பு தேடினார். மருந்து பக்கத்து மேசையில் தயாராக இருந்தது. கோப்பின் மேல் அன்றைய ரத்தப் பரிசோதனை இருந்தது, எல்லாம் நார்மல்.

“ஜுரம், இருமல், தொண்டை வலி ஏதாவது இருக்காம்மா?”

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். பக்கத்துக் கட்டில்களில் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து என் தொண்டையில் ஒரு சின்னக் கரகரப்பு இருந்தது. அவ்வளவுதான். முந்தின நாள் குடித்த ஐஸ் மோராகவும் இருக்கலாம். இல்லை என்று சொன்னால் மருந்து ஏறும், வெள்ளிக்கிழமைக்குள் விரல் மடங்கத் தொடங்கும். சாதிக்கைப் பார்த்தேன். அவர் கோப்பைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கு” என்றேன். “தொண்டை.”

நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொன்னார். நரம்பு தேடிய இடத்தில் ஒரு பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொன்னார்கள். முழுக்க மடங்கவில்லை.

வராந்தாவில் நடக்கும்போது சாதிக் சொன்னார், “ரெண்டு வாரம் கை வலிக்குமே ரஹீமா.”

“வலிக்கும்” என்றேன்.

அவர் என் செருப்பின் வாரைக் குனிந்து மாட்டிவிட்டார். நாங்கள் ரயிலுக்குப் போனோம்.